நாற்பத்தெட்டுச் சாம்பல் பெட்டிகள்

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, மழைக்காலத்தின் முதல் வாரம். எங்கள் அலுவலகம் இருந்த நான்காம் மாடியின் நடைவழியில் தேநீர்த் தள்ளுவண்டி மூலையில் சிக்கிக்கொண்டு, முன்னே போகவும் மாட்டாமல் பின்னே வரவும் மாட்டாமல் நின்றது. தேநீர் கொண்டுவரும் பெண் அதன் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் என் பங்குக்குக் குவளைகள் விழாதபடி இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நின்றேன். அப்போது நனைந்த குடையைக் கக்கத்தில் இடுக்கியவாறு ஓர் அம்மையார் படியேறி வந்தார். ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் இருவரையும் அவர் பார்க்கவில்லை. குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"முன்னாடி இழுக்காதம்மா. திரும்பற சக்கரம் இதுக்குப் பின்னாடில்ல இருக்கு? மூக்கை அங்கேயே விட்டுடு. வாலைத் தள்ளு."

அவள் வாலைத் தள்ளினாள். அதுவரை அடம்பிடித்த வண்டி, நின்ற இடத்திலேயே திரும்பி, நடைவழியை நோக்கி நேராக நின்றது. ஒரு சொட்டுத் தேநீர்கூடச் சிந்தவில்லை.

"பந்தய விளையாட்டு செய்யற ஆபீஸ் இதுதானே?" என்று அவர் என்னைக் கேட்டார். "வண்டி ஓட்ட ஒரு ஆள் எடுத்திருக்காங்க. அந்த ஆள் நான்தான்."

நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தது ஒரு கார்ட் பந்தய விளையாட்டு. திரையில் குட்டிக் குட்டி வண்டிகள் ஓடும். வளைந்து நெளிந்து செல்லும் பாதையில் அகப்படுவதையெல்லாம் எடுத்து, முன்னால் போகிறவர்மீது எறியலாம். திரையில் தோன்றும் தமிழ்ச் சொற்களைத் திருத்தித் தருவது என் பணி. அச்சகமொன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் பிழை திருத்தி, ஓய்வு பெற்ற பின்னர் இங்கு வந்திருந்தேன். வண்டிகளை நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்து, எங்கே எது பழுதாகிறது என்று குறித்துக் கொடுப்பது அந்த அம்மையாரின் பணி. மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதன் முடிவில்தான் அவரை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பது தெரியும்.

முதல் நாளிலேயே அவருக்குப் பெயர் அமைந்துவிட்டது. எங்களிடம் கணினி நிரல் எழுதும் பெண் ஒருத்தி இருந்தாள். யார் மேசையில் இனிப்பு இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் அங்கே வந்து நிற்பாளாகையால், அவளை எல்லாரும் எறும்பு என்றே அழைத்தனர். அவள்தான் கேட்டாள்:

"இதுக்கு முன்னாடி என்ன ஓட்டினீங்க?"

"ஏணி."

"ஏணியா?"

"விமானத்துலேருந்து இறங்கறதுக்கு ஒரு ஏணி வந்து நிக்குமே, பார்த்ததில்லையா? அது தானா நடந்து வருதுன்னு நினைச்சியா?"

அன்றிலிருந்து அவர் ஏணியக்கா ஆனார். அவரைவிட நான் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆயினும் நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை அக்கா என்பார். இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்று அழைத்துக்கொள்வதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள்.

விமான நிலையத்தில் அவர் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றியவர். விமானங்கள் நிற்கும் தளத்தில் ஓடும் விசித்திர வண்டிகளுள் அவர் ஓட்டாதது ஒன்றுதான். பெட்டிகளை இழுக்கும் வண்டி, உணவை ஏற்றும் வண்டி, விமானத்தையே பின்னுக்குத் தள்ளும் வண்டி என ஒவ்வொரு வகுப்புக்கும் அங்கே தனித்தனி உரிமம் உண்டு. கழுத்தில் தொங்கும் அட்டையில் வகுப்புக்கு ஒரு துளையிடுவார்கள். அவருடைய அட்டையில் பன்னிரண்டுக்குப் பதினொரு துளைகள் இருந்தன. ஆண்டுதோறும் நடக்கும் கண் பரிசோதனையில், இடக்கண்ணின் ஓரப்பார்வை மங்கிவிட்டது என்று ஒருமுறை எழுதினார்கள். அன்று பிற்பகலே அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பிறகு, காணாமற்போன பெட்டிகளைப் பற்றிப் புகார் கேட்கும் மேசையில் அவரை உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் ஏணி வண்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு பதினான்கு மாதங்கள் உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் முடியவில்லை.

கண்ணைப் பற்றி அவர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. "திரையில யாரும் நிஜமா அடிபட மாட்டாங்களே, அதான் தைரியமா வந்தேன்" என்று நேர்காணலிலேயே சொல்லியிருந்தார். மறுபடியும் யாராவது அவரை ஓட்டத் தெரிந்தவர் என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதைச் சொல்ல வேண்டியவர் எங்கள் வடிவமைப்புத் தலைவர். முப்பத்தாறு வயது, திரையில் வரைகிற பேனா எந்நேரமும் காதில் செருகியிருக்கும், கெட்டிக்காரர், அது தமக்குத் தெரியும் என்பதையும் மறைக்காதவர். விளையாட்டில் இருந்த நாற்பத்தெட்டு வண்டிகளை அவர் மூன்று வகையாகப் பிரித்திருந்தார். நான்கு சக்கரமும் தாழ்ந்த இருக்கையும் இருந்தால் 'கார்ட்'. இரண்டு சக்கரமானால் 'பைக்'. எஞ்சியவை 'மற்றவை'. அந்த மூன்றாம் பெட்டியில் படகு, குளியல் தொட்டி, சக்கரம் வைத்த செருப்பு, பறக்கும் தட்டு, தீயணைப்பு ஏணி வண்டி முதலிய பத்தொன்பது வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள் ஏணியக்கா அவருடைய மேசையருகே போய் நின்றார்.

"தம்பி, இந்த மற்றவைன்னா என்ன வண்டி?"

"கார்ட்டும் இல்லாம பைக்கும் இல்லாம இருக்கறது அக்கா."

"அது புரியுது. குளியல் தொட்டியும் படகும் ஒரே மாதிரியா திரும்புது?"

"திரும்பறதை யாரு பார்க்கறா? படத்தைப் பார்த்துதான் எடுப்பாங்க."

"படத்தைப் பார்த்து எடுப்பாங்க. முதல் வளைவுலயே போய் முட்டுவாங்க. அப்புறம் உங்களைத்தான் திட்டுவாங்க."

தலைவர் சிரித்தார். "சரி, உங்க விமான நிலையத்துல எப்படிப் பிரிப்பீங்க?"

"எங்கேருந்து திரும்புதோ அதை வெச்சு. பெயின்ட்டை வெச்சு இல்ல."

"இங்க பெயின்ட்தாங்க்கா சோறு போடுது."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏணியக்காவும் சிரித்துவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். ஆனால் அன்றைக்கே தலைவர் மற்றொன்றையும் கவனித்திருந்தார். திரையின் இடப்புற மூலையில், பாதை முழுவதையும் காட்டும் சிறு வரைபடம் ஒன்று உண்டு. ஏணியக்கா அதைப் பார்ப்பதே இல்லை. அது அசையாமல் உறைந்துபோயிருந்த பழுதை, பக்கத்தில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பையன்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்தனர். அவர் அரை நாளாகியும் கண்டுபிடிக்கவில்லை. "மூணு மாசம் முடியட்டும், பார்க்கலாம்" என்று தலைவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்தப் 'பார்க்கலாம்' எத்தகையது என்பது எனக்குத் தெரியும். ஏணியக்காவுக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில், தடித்த பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு தம் வீட்டுக்கு வருமாறு ஏணியக்கா என்னை அழைத்தார். இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள். அவருடைய கணவர் சரக்குக் கப்பலொன்றில் சமையற்காரர். ஆண்டில் எட்டு மாதம் கடலில் இருப்பவர். ஆகையால் கணவரின் தங்கை ஏணியக்காவோடு வசித்துவந்தார். நான் போனபோது கூடத்துத் தரை முழுவதும் நாற்பத்தெட்டுக் காகிதத் துண்டுகள் பரவிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வண்டியின் பெயர். நாத்தனார் உலர்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே நுனிக்காலில் நடந்து வந்தார்.

"வாங்க, பார்த்து வாங்க. கால்ல படகு கிடகு ஒட்டிக்கப் போகுது. எங்க அண்ணன் நிஜக் கப்பல்ல அலையறான். இங்க அண்ணி காகிதக் கப்பலை வெச்சுக்கிட்டு மூணு நாளா தரையை விட்டு எழுந்திருக்கல."

"நீ துணியை மடி" என்றார் ஏணியக்கா, தலை நிமிராமல். "போர்வை, பாவாடை, கைக்குட்டை எல்லாத்தையும் மற்றவைன்னு ஒரே அடுக்குல வெப்பியா?"

"அதெப்படி வெப்பாங்க? கைக்குட்டையைத் தேடி எடுக்கறதுக்குள்ள மூக்கு ஒழுகிடும்."

"அதைத்தான் நானும் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

பிறகு எனக்கு விளக்கினார். வண்டியின் உருவத்தை மறந்துவிட வேண்டும். வளைவில் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். சிலவற்றில் மூக்கு முதலில் போகும், உடம்பு அடக்கமாகப் பின்தொடரும். சிலவற்றில் மூக்கு நின்றுவிடும், வால் வெளிப்புறமாக வீசும். இன்னும் சில, வளைவின் உட்புறமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டே போகும். கடைசி வகை தரையைத் தொடாதது. "நாம திருப்பினாலும் கொஞ்ச தூரம் பழைய பக்கமே போகும்க்கா. அப்புறம்தான் அதுக்கு மனசு மாறும்." நாற்பத்தெட்டில் இந்த நான்கினுள் அடங்காதது ஒன்றுகூட இல்லை.

பெயர்கள் வைக்கும் பொறுப்பு என்னுடையது. முன்முனைத் திரும்பி, பின்முனைத் திரும்பி, உட்புறச் சாய்வு ஊர்தி, தரைதொடா ஊர்தி என்று நான்கு பெயர்களை நிறுத்தி நிதானமாக எழுதிப் படித்துக் காட்டினேன். இலக்கணப்படி அவற்றில் ஒரு குறையும் இல்லை. நாத்தனார் போர்வையின் இரு முனைகளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள முன்னாடி போறவன் வீடு போய்ச் சேர்ந்து குளிச்சுட்டுத் தூங்கிடுவானே! மூக்கன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

ஏணியக்கா நிமிர்ந்தார். நான் பென்சிலைக் கீழே வைத்தேன். மூக்கன் வந்துவிட்ட பிறகு மற்ற மூவரும் தாமாகவே வந்து சேர்ந்தனர்: வாலன், சாய்வன், மிதப்பன். மூக்கன் பதினைந்து, வாலன் பதினான்கு, சாய்வன் பதினொன்று, மிதப்பன் எட்டு. நான் அட்டவணையை இரண்டு படிகளாக எழுதினேன். ஒன்று தலைவருக்கு, மற்றொன்று என் மேசை இழுப்பறைக்கு.

திங்கட்கிழமை அட்டவணை தலைவரின் மேசைக்குப் போயிற்று. அவர் அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்தார். ஏணியக்காவை அந்த வாரம் முழுவதும், ஒரே ஒரு கார்ட்டை வைத்துக்கொண்டு பாதைகளைச் சரிபார்க்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை எறும்பு வண்டிகளின் புதிய பதிப்பைத் தந்தாள். புதன்கிழமை வெளியாட்கள் பன்னிரண்டு பேர் விளையாடிப் பார்க்க வந்தார்கள். ஒரு பல் மருத்துவர், ஓர் அஞ்சல்காரர், இரட்டையராகப் பிறந்த இரண்டு கல்லூரி மாணவியர் முதலானோர் அவர்களுள் இருந்தனர். ஏறக்குறைய எல்லாருமே முதலில் எடுத்தது, நீல இறக்கைகள் கொண்ட தும்பி என்னும் அழகான இருசக்கர வண்டியை. மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஒன்பது பேர் பாறையில் மோதினார்கள். பல் மருத்துவர் நான்கு முறை மோதிவிட்டு, "இந்தத் தும்பிக்கு ஏதோ நரம்புக் கோளாறு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர் வளைவின்மேல் பழியைப் போட்டார். அது மிகவும் குறுகலாக இருக்கிறதாம். சனிக்கிழமை முதல் அதை அகலப்படுத்தி வரைய வேண்டுமாம். மூன்று வார வேலை. அந்த வளைவை வரைந்த ஓவியர் வேலையை அப்படியே விட்டுவிட்டுச் சன்னலோரம் போய் நின்றுவிட்டார்.

வியாழக்கிழமை ஏணியக்கா மறுபடியும் தலைவரின் மேசையருகே போனார். குவளையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அட்டவணையை அவர் முன்னே நகர்த்தினார்.

"படிச்சுட்டேங்க்கா" என்றார் தலைவர். இம்முறை அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துப் பேசினார். "பறக்கும் தட்டுன்னா மிதப்பன்னு எழுதியிருக்கீங்க. பைக்னா சாய்வன். நீங்களும் படத்தைப் பார்த்துத்தானே எழுதியிருக்கீங்க? அப்ப என் பிரிவுக்கும் உங்க பிரிவுக்கும் என்ன வித்தியாசம்?"

நியாயமான கேள்வி. ஏணியக்கா இரண்டு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப கூட்டைக் கழட்டிடுங்க."

"என்னது?"

"வண்டி எல்லாத்துக்கும் மேல இருக்கற கூட்டைக் கழட்டிட்டு, ஒரே மாதிரி ஒரு பெட்டியைப் போடுங்க. வரிசையையும் மாத்துங்க. நான் ஓட்டிப் பார்த்துட்டு இது இன்னதுன்னு சொல்றேன். என் அட்டவணையோட ஒத்துப்போகுதான்னு பாருங்க."

தலைவர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். "நாற்பத்தெட்டையுமா? சரி. அஞ்சுக்கு மேல தப்பு வந்தா என் பெயர்களே இருக்கும். நாளைக்குச் சாயங்காலம் வண்டி எடுக்கற தேர்வுத் திரையைப் பூட்டிடுவோம். அப்புறம் யாரும் கை வைக்க முடியாது."

அந்த வெள்ளிக்கிழமையோடு ஏணியக்காவின் மூன்று மாதமும் முடியவிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. அலுவலகமே பெரிய திரையைச் சுற்றி நின்றது. தேநீர்த் தள்ளுவண்டியும் நின்றது. எறும்பு நாற்பத்தெட்டு வண்டிகளின் கூடுகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவிலான சாம்பல் நிறப் பெட்டியைப் போட்டிருந்தாள். எது எந்த வண்டி என்னும் பட்டியல் அவளிடமும், ஏணியக்காவின் அட்டவணை என்னிடமும் இருந்தன. அவர் விடை சொன்னதும் எறும்பு எனக்கு மட்டும் வண்டியின் பெயரைக் காட்டுவாள். நான் ஒத்துப்பார்த்துக் குறிப்பேன்.

ஏணியக்கா நாற்காலியைச் சற்றே இடப்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வண்டியை இயக்கும் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார்.

"சத்தத்தையும் நிறுத்திடும்மா. இல்லேன்னா என்ஜின் சத்தத்துல கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லுவாங்க."

எறும்பு ஒலியை நிறுத்தினாள்.

"அந்த மூலையில இருக்கற வரைபடத்தையும் எடுத்துடு. நான் எப்படியும் அதைப் பார்க்கறதில்லைன்னு தம்பிக்குத் தெரியும்."

தலைவரின் காதுமடல்கள் சிவந்ததை நான் பார்த்தேன்.

முதல் பெட்டி கிளம்பியது. ஒரு வளைவு இடப்பக்கம், ஒரு வளைவு வலப்பக்கம். "வாலன்." இரண்டாவது. "மூக்கன்." மூன்றாவது பெட்டி முதல் வளைவைத் தாண்டவே இல்லை, "மிதப்பன், இதுக்கு ரெண்டாவது வளைவு எதுக்கு?" என்று தள்ளிவிட்டார். ஒவ்வொரு வண்டியையும் அவருடைய தோள்கள் சேர்ந்து ஓட்டின. வாலன் வரும்போது இடுப்பு நாற்காலியில் பின்னுக்குப் போகும். சாய்வன் வரும்போது கழுத்து சாயும். ஒன்பதாவது பெட்டியில் சிறிது தயங்கி, "வாலன்" என்றார். என் அட்டவணையில் மூக்கன் என்றிருந்தது. குறித்துக்கொண்டேன்.

இருபது, முப்பது என்று எண்ணிக்கை கூடியது. முப்பத்து மூன்றாவதில் மற்றொரு முரண்பாடு. நாற்பத்தொன்றாவதில் மூன்றாவது. இன்னும் ஏழு பெட்டிகள். இன்னும் இரண்டு பிழைகளுக்குத்தான் இடம் இருந்தது. என் தோளுக்குப் பின்னால் நின்று தலைவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் காதில் கேட்டது. அந்த ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக ஒத்துவந்தன. நாற்பத்தெட்டாவது பெட்டிக்கு ஏணியக்கா, "சாய்வன்; நல்ல பிள்ளை" என்றார்.

"நாற்பத்தஞ்சு சரி!" என்று தலைவர் முதலில் கத்தினார். தோற்றவர் அவர்தாம் என்பது அந்தக் கணத்தில் அவருக்கே நினைவில்லை. "மூணுதான் தப்பு. ஜெயிச்சுட்டீங்கக்கா!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவ்வளவில் எழுந்துவிட்டிருக்கலாம். ஏணியக்கா கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

"எந்த மூணு?"

"இருக்கட்டுமேக்கா, அஞ்சுக்குள்ளதானே?"

"எந்த மூணுன்னு கேட்டேன்."

நான் படித்தேன். ஒன்பதாவது, சரக்குப் பெட்டி ஏற்றிய கார்ட். "அது என் தப்புதான்" என்றார் உடனே. "பின்னாடி பாரம் இருந்துச்சு, வாலுன்னு ஏமாந்துட்டேன். எழுதிக்குங்க." முப்பத்து மூன்றாவது தும்பி: அட்டவணையில் சாய்வன், இப்போது சொன்னது வாலன். நாற்பத்தொன்றாவது தீயணைப்பு ஏணி வண்டி: அட்டவணையில் வாலன், இப்போது சொன்னது சாய்வன்.

அவர் திரைப்பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டும் என் தப்பு இல்ல" என்றார். "ஏணி வண்டியை நான் இருபத்தேழு வருஷம் ஓட்டியிருக்கேன். அதுக்குச் சாயத் தெரியாது. அந்த ரெண்டுக்கும் கூட்டைப் போட்டுக் குடும்மா."

எறும்பு கூடுகளைப் போட்டாள். நீல இறக்கைத் தும்பி கொண்டை ஊசி வளைவை நெருங்கியது. உட்புறம் சாய வேண்டியது, சாயவில்லை. அதன் வால் வெளிப்புறமாக வீசிப் பாறையில் மோதியது. பல் மருத்துவருக்கு நேர்ந்தது போலவே.

"பார்த்தீங்களா தம்பி? இது தும்பி இல்ல. தும்பிக் கூட்டுக்குள்ள என் ஏணி வண்டி உட்கார்ந்திருக்கு."

எறும்பு ஏற்கெனவே தன் கணினியைத் திறந்திருந்தாள். விரல்கள் நின்றன. "ஐயோ" என்றாள். செவ்வாய்க்கிழமை, பட்டியல் அழகாக இருக்கட்டும் என்று வண்டிகளை அகரவரிசையில் அடுக்கியிருந்தாள். தீயணைப்பு ஏணியும் தும்பியும் அடுத்தடுத்து வந்து நின்றன. ஒவ்வொரு வண்டியும் எப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்லும் எண்களை அவற்றோடு ஒட்டும்போது அந்த இரண்டு வரிகள் மட்டும் இடம் மாறிவிட்டன. நான்கு நாள்களாக, பன்னிரண்டு வெளியாட்கள் உள்பட யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கூடு கழன்ற பிறகுதான் அது அகப்பட்டது.

"அக்கா, என்னைக் கொன்னுடுங்க" என்றாள் எறும்பு.

"உன்னைக் கொன்னா என் மேசையில இருக்கற இனிப்பை யாரு தின்னுவா? முதல்ல வரியை மாத்து."

அவள் மாற்றினாள். தலைவரே கன்ட்ரோலரை வாங்கித் தும்பியை ஓட்டினார். கொண்டை ஊசி வளைவில் அது உட்புறமாகச் சாய்ந்து, பாறையை ஒரு விரற்கடை தூரத்தில் விட்டு, நீல இறக்கைகள் மின்னக் கடந்து போயிற்று. வளைவை வரைந்த ஓவியர் ஓடிவந்து ஏணியக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வளைவில் ஒரு கல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

தலைவர் தேர்வுத் திரையைத் திறந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் 'மற்றவை' என்னும் சொல்லைத் தம் கையாலேயே அழித்தார். நான் எழுத்து எழுத்தாகச் சொல்ல, மூக்கன், வாலன், சாய்வன், மிதப்பன் ஆகிய நான்கையும் பொறித்தார். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினார்.

"ஓட்டத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க இந்த ஆபீஸ்ல. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஒன்பதுக்கு" என்றார் ஏணியக்கா. நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "இந்த நாற்காலி மட்டும் மூக்கனா வாலனான்னு எனக்கு இன்னும் பிடிபடல. வேற ஒண்ணு போடுங்க."

ஆறு மாதம் கழித்து விளையாட்டு விற்பனைக்கு வந்தது. முதல் சனிக்கிழமை மதியம், ஏணியக்கா, நாத்தனார், நான் மூவரும் கடைத்தெருவில் உள்ள பெரிய கடைக்குப் போனோம். வாசலிலேயே திரை வைத்து விளையாடவிட்டிருந்தார்கள். வழுக்கைத் தலையர் ஒருவரும் அவருடைய மகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, வாலனை எடுக்காதீங்க, உங்களுக்கு வராது!"

"எனக்கா வராது? நீ உன் மிதப்பனைப் பாரு, அது அடுத்த தெருவுக்குப் போய்க்கிட்டிருக்கு!"

அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ, "மூக்கன் எடுங்க சார், சொன்ன பேச்சு கேட்கும்" என்றார். முன்பின் தெரியாத மூன்று பேர், சண்டை போடுவதற்கு அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஏணியக்கா கூட்டத்தின் நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றார். நாத்தனாருக்கு அது முடியவில்லை. பக்கத்தில் நின்ற அந்நியப் பெண்மணியின் முழங்கையைத் தட்டி, "மூக்கன் நான் வெச்ச பேரு" என்று அறிவித்தார். "மத்ததெல்லாம் எங்க அண்ணி. விமானத்தையே பின்னாடி தள்ளினவங்க."

அந்த ஆண்டின் இறுதியில் எறும்பு ஏணியக்காவுக்கு ஓர் அட்டை செய்து கொடுத்தாள். விமான நிலையத்து அட்டையைப் போலவே கழுத்தில் தொங்குவது. நான்கு வகுப்புகள், நான்கு துளைகள். வேடிக்கைக்காகச் செய்த பொருள்தான். ஆனால் ஏணியக்கா அதைக் காய்கறி வாங்கப் போகும்போதும் அணிந்துகொண்டு போனார்.

அதன் பின்னர் ஐந்தரை ஆண்டுகளில் நான்கு விளையாட்டுகள், இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள். புதிய வண்டி ஒவ்வொன்றும் முதலில் சாம்பல் பெட்டியாக அவர் கைக்குப் போகும். அவர் வகுப்பைச் சொன்ன பிறகுதான் ஓவியர் கூடு வரைவார். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் தலைவர். மூன்றாம் விளையாட்டில், பாதி வளைவு வரை மூக்கனாகவும் அதன் பின் வாலனாகவும் ஓடும் ஒரு வண்டியைச் செய்து அவரை மடக்கப் பார்த்தார்கள். ஏணியக்கா மூன்று சுற்றுகள் ஓட்டிவிட்டு, "இதுக்குப் புது வகுப்பு வேணும். தலைவர்னு வைங்க, பேச ஆரம்பிக்கும்போது ஒரு பக்கம், முடிக்கும்போது வேற பக்கம்" என்றார். தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வகுப்பு இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் ஏணியக்காவின் வலக்கண்ணின் ஓரமும் மங்கத் தொடங்கியது. இம்முறை யாரும் எதையும் எழுதவில்லை. யாரும் அட்டையைக் கழற்றவில்லை. போதும் என்று அவரே முடிவு செய்தார். நாளையும் அவரே குறித்தார். கணவர் கப்பலிலிருந்து நிரந்தரமாகத் திரும்பும் வாரம் அது. "ரெண்டு பேரும் ஒண்ணாக் கரையேறிடறோம்" என்றார்.

கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரும் விடைபெற்றுப் போன பின், பெரிய திரையின் முன்னே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அட்டை அவர் கழுத்தில் இருந்தது. அவர் கன்ட்ரோலரை எடுத்தார். ஓட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதை என் மடியில் வைத்தார். அத்தனை ஆண்டுகளில் நான் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

"அக்கா, இத்தனை வருஷமா எல்லாரையும் நான்தான் ஏத்தி இறக்கியிருக்கேன். ஒரு தடவைகூடப் பக்கத்து சீட்ல உட்கார்ந்து போனதில்ல. ஏணி வண்டியை எடுங்க. நீங்க ஓட்டுங்க, நான் வேடிக்கை பார்த்துக்கிட்டு வர்றேன். வளைவு வரும்போது மட்டும் தயவுசெஞ்சு பிரேக்கைத் தொடாதீங்க."